சீற்றில் ஊறிய எண்ணெய்

எங்கள் ஒழுங்கையால் புதிதாக யாராவது போனால் உதயகலாவின் படலையடியில் ஒரு நிமிடம் நின்றுதான் போவார்கள். உள்ளே வளவு முழுக்க வாகனச் சீற்றுகள் வெயில் காய்ந்துகொண்டிருக்கும். முருங்கையடியில் ஓர் ஓட்டோவின் பின்சீற், கிணற்றடியில் ஒரு காரின் முன்சீற் இரண்டு, நடுவில் வரிசையாக ஒரு வானின் சீற்றுகள் அத்தனையும். வல்வெட்டித்துறையிலிருந்து மீன் கொண்டுவருகிற மனிசன் ஒருநாள் சைக்கிளை நிறுத்தி, "உங்கை என்ன, படம் காட்டப் போகினமே?" என்று என்னைக் கேட்டார். "ஓம், ரிக்கற் எடுத்துக்கொண்டு வாரும்" என்றேன்.

நான் அவளுக்கு முன்வீடு. பெயர் ஞானாம்பிகை. முப்பத்தொரு வருடம் தபாற்கந்தோரில் முத்திரை குத்தின கை. என் வாயும் அப்படித்தான், விழுகிற இடத்தில் அடையாளம் வைக்கும் என்று என் முதுகுக்குப் பின்னால் சொல்வார்கள். முகத்துக்கு நேரே சொல்ல ஒருவருக்கும் துணிவில்லை. அந்த வாயால் நான் செய்த ஒரு காரியத்தை மறைத்துவிட்டு உதயகலாவைப் பற்றிச் சொல்ல முடியாது. அதனால் வெட்கத்தை விட்டு இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

அவள் உடுப்பிட்டியில் பிறந்தவள். கலியாணம் முடித்து உரும்பிராய்க்கு வந்தபோது இருபது வயது, ஈர்க்குமாதிரி ஒரு பிள்ளை. புருஷன் பார்த்தீபன் சொந்த வான் வைத்து ஹயர் ஓடினவன். கலியாணவீடு, கோயில், கொழும்பு, ஆஸ்பத்திரி என்று ஊரில் யார் எங்கே போவதென்றாலும் பார்த்தீபனின் வான்தான். ஓடினது அவன், அதைத் துப்புரவாக வைத்திருந்தது அவள். எங்கள் ஊர்ச் செம்மண் வெள்ளை வேட்டியிலே பட்டாலே மூன்று தோய்ச்சலுக்குப் போகாது. சீற்றிலே ஊறினால் சொல்லத் தேவையில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் சீற்றுகளைக் கழற்றி இறக்கிக் கொடுப்பான். அவள் பிறசால் தேய்ப்பாள். அவன் தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு பகிடி விட்டபடி நிற்பான்.

"ஞானக்கா, உவளைக் கட்டினதாலை எனக்கு ஒரு சேர்விஸ் ஸ்ரேசன் மிச்சம்" என்று ஒழுங்கைக்குக் கேட்கக் கத்துவான். அவள் கையிலிருந்த நுரையை எடுத்து அவன் முகத்தில் அடிப்பாள். எனக்கு எரிச்சலாக இருக்கும். இந்த வயதில் இப்படியும் ஒரு சிரிப்பா என்று யன்னலைச் சாத்தியிருக்கிறேன்.

ஒரே பிள்ளை நிருஷன். ஏழு வருடத்துக்கு முதல், பத்தொன்பது வயதில், பிரான்சுக்குப் போனான். போன வழி நேர்வழி இல்லை, போய்ச் சேர எட்டு மாதம் எடுத்தது. அங்கே தங்குவதற்கான கடதாசி சரிவரும்வரை நாட்டுக்குத் திரும்ப ஏலாது. தாயும் மகனும் ரெலிபோனுக்குள்ளேயே குடித்தனம் நடத்தினார்கள்.

நாலு வருடத்துக்கு முதல் ஆவணி மாதத்தில் ஒரு சனிக்கிழமை. பார்த்தீபன் தலைக்கு நல்லெண்ணெய் வைத்து, ஊறட்டும் என்று கிணற்றடியில் இருந்தான். இருந்தவன் நெஞ்சு நோகுது என்று எழும்பி வந்தான். ஆள் தேடி நேரத்தை வீணாக்காமல் தானே வானை எடுத்தான். உதயா பக்கத்துச் சீற்றில் ஏறினாள். ஆஸ்பத்திரி வாசல்வரைக்கும் ஒரு இடமும் இடிக்காமல், ஒரு ஆளையும் தட்டாமல் ஓட்டிப் போயிருக்கிறான். வானை நிற்பாட்டி, கைப்பிறேக்கை இழுத்துவிட்டுத் தலையைப் பின்னுக்குச் சாய்த்தான்.

"கொஞ்சம் பொறு. மூச்சை எடுத்துப்போட்டு இறங்கிறன்" என்றானாம். பிறகு அவன் தானாக இறங்கவில்லை.

செத்தவீட்டை நிருஷன் ரெலிபோனில் பார்த்தான். யாரோ ஒரு பொடியன் கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றான். பெட்டி தூக்குகிற நேரத்தில் தொடர்பு அறுந்துபோனது. சாம்பல் கீரிமலைக் கடலில் கரைந்ததும் ஆஸ்பத்திரியடியில் நின்ற வானைக் கொண்டுவந்து கொட்டிலுக்குள் விட்டார்கள். சாரதிச் சீற்றின் தலைப்பக்கத்தில் கையளவுக்கு ஓர் எண்ணெய்க் கறை ஊறியிருந்தது. உதயா அதன்மேல் ஒரு பொலித்தீனைப் போட்டு மூடினாள். "அப்பான்ரை எண்ணெய் அப்பிடியே கிடக்கு ராசா" என்று ஒருமுறை மகனுக்குச் சொன்னாளாம். அவன் பதிலே சொல்லவில்லையாம்.

இந்தத் தொழில் அவளைத் தேடி வந்தது. பார்த்தீபனோடு ஹயர் ஓடின கிறகோரி ஒருமுறை மடு மாதா கோயிலுக்குப் போய்வந்தபோது வானுக்குள்ளே ஒரு குழந்தை சத்தி எடுத்துவிட்டது. எதைப் பூசியும் வாடை போகாமல் உதயாவின் வளவில் கொண்டுவந்து சீற்றுகளை இறக்கினான். அவள் அப்பச்சோடாவைத் தூவி, தேய்த்து, அலசி, இரண்டு நாள் காயவைத்துக் கொடுத்தாள். மூன்றாம் நாள் இன்னொரு வான் வந்தது. பிறகு ஓட்டோக்காரர் வந்தார்கள், கார்க்காரர் வந்தார்கள், வெளிநாட்டுச் சனம் வந்து இறங்குகிற ஆடி ஆவணியில் அவளுக்கு நிமிர நேரமிருக்காது.

நானும் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிற ஆளில்லை, கற்றுக்கொண்டேன். சீற்றை நனைப்பது பெரிய காரியமில்லை, காயவைப்பதுதான் காரியம். தண்ணீரை வாளியோடு கவிழ்த்தால் உள்ளே இருக்கிற ஸ்பொஞ்ச் குடித்துவிடும். மேலே காய்ந்தாற்போல் காட்டி உள்ளே புளித்துப் பூஞ்சணம் பிடிக்கும். ஆகவே நுரையால் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்து, காய்ந்த துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். பிறகு சீற்றைப் படுக்கவைக்காமல் நிறுத்தி வைத்து, நிழல் நகர நகர வெயிலுக்கு நகர்த்த வேண்டும். காய்ந்த சோளகக் காற்று வீசுகிற மாதங்களில் அவள் முகம் கொஞ்சம் தெளிவாக இருக்கும். மாரி தொடங்கினால் வந்த வேலையைத் திருப்பி அனுப்புவாள்.

கடைசியாக ஒரு சோதனை. சீற்றில் பழைய பேப்பரை மடித்துப் போட்டு அதன்மேல் கால்மணித்தியாலம் ஏறி இருப்பாள். எழும்பும்போது பேப்பர் மொறுமொறுவென்று இருந்தால் சரி. துவண்டிருந்தால் திரும்ப வெயிலுக்குப் போகும். ஆளின் பாரம் இறங்கினால்தான் உள்ளே ஒளித்திருக்கிற ஈரம் வெளியே வருமாம்.

இப்படி ஊரார் சீற்றையெல்லாம் கழுவினவள் கொட்டிலில் நின்ற தன்னுடைய வானை மட்டும் தொடவில்லை. கிறகோரி கிழமைக்கு ஒருமுறை வந்து எஞ்சினை ஸ்ராட் பண்ணிவிட்டுப் போவான், அவனும் அந்தப் பொலித்தீனை விலக்காமல்தான் இருப்பான். பின்னேரங்களில் அவள் அந்த வானுக்குள் போய் அரைமணித்தியாலம் இருப்பதைக் கண்டிருக்கிறேன். மகனோடு கதைக்கிறாளாக்கும், வீட்டுக்குள்ளே சிக்னல் இல்லையாக்கும் என்று நினைத்தேன். கண்ணுக்கு முன்னால் நடக்கிறதை எட்டிப் பார்த்துக் கேட்காத நேரம் என் வாழ்க்கையில் அது ஒன்றுதான்.

போன ஆடியில் ஒருநாள் படலையைத் திறந்துகொண்டு ஓடிவந்தாள். ஓடி நான் கண்டதில்லை.

"அக்கா, பொடியனுக்குக் கடதாசி சரிவந்திட்டுது. தேப்பன்ரை திவசத்துக்கு வாறானாம். மூண்டு கிழமை நிப்பானாம்."

எனக்கும் கண் கலங்கிவிட்டது. கலங்கினதை மறைக்கத்தான் வேலை சொல்லத் தொடங்கினேன். சுவருக்கு வெள்ளை அடி, கிணறு இறை, வளவைக் கூட்டு என்று அடுக்கிக்கொண்டே போய்க் கொட்டிலைக் காட்டினேன்.

"உதை என்ன செய்யப் போறாய்?"

"எதை அக்கா?"

"உந்த வானை. ஊர்ச்சீற்றெல்லாம் பளிச்செண்டு கிடக்க உன்ரை சீற் எண்ணெய்ப் பிசுக்கோடை கிடக்கு. திவசத்துக்கு வீடு வாசல் கழுவி, செத்த மனிசன்ரை ஊத்தையை மட்டும் வைச்சிருக்கிறதே? உயிரோடை வாற பிள்ளையை அதிலை இருத்தப் போறியே? துடக்கெண்டு ஒண்டு இருக்கெல்லே?"

அவள் வானைப் பார்த்தாள். பிறகு, "ஓம் அக்கா. நீங்கள் சொல்லுறதும் சரிதான்" என்றாள்.

செத்தவீட்டுத் தீட்டு, அந்தத் துடக்கு, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியையோடு போய்விட்டது என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் வாய் தொடங்கிவிட்டால் எனக்கு நிறுத்தத் தெரியாது.

இரண்டு நாள் கழித்து அவள் வளவிலிருந்து சீயாக்காய் அவிகிற மணம் வந்தது. எட்டிப் பார்த்தேன். கிறகோரி நட்டுகளைக் கழற்றி இறக்கிவிட்டுப் போன சாரதிச் சீற் கிணற்றடியில் நின்றது. எண்ணெய்க் கறையின்மேல் முதல்நாளே பவுடர் தூவி, உறிஞ்சவிட்டுத் தட்டியிருந்தாள். பக்கத்தில் ஒரு சட்டியில் சீயாக்காயும் தேசிக்காயும் அவித்த தண்ணீர். மற்ற வேலைகளுக்கு அவள் சவர்க்காரத் தூள்தான் பாவிப்பாள்.

"உதென்ன பிள்ளை, ஆர் முழுகப் போறது?" என்று கேட்டேன்.

"அவர்தான் அக்கா."

அவள் சட்டித் தண்ணீரைக் கையில் அள்ளி, தலைப்பக்கத்தில் மெல்ல வைத்துத் தேய்த்தாள். பிறசு எடுக்கவில்லை, விரலால்தான் தேய்த்தாள்.

"அண்டைக்கு எண்ணெய் வைச்சபடி வந்த மனிசன். செத்தவீட்டிலை சனம் எண்ணெய் வைச்சு, அரப்பு வைச்சு முழுக்காட்டினது எனக்குத் தெரியாது. நான் அறைக்குள்ளை அறிவில்லாமல் கிடந்தனான். என்ரை கையாலை ஒருக்கால் முழுக வாத்துவிடுறன்."

மண்ணிறமாகத் தண்ணீர் வடிந்து வாழையடிக்குப் போனது. அது போகிற திசையை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பின்னேரத்திலை வானுக்குள்ளை போய், அவருக்குப் பக்கத்திலை இருக்கிறனான் அக்கா. நீங்களும் கண்டிருப்பியள். பொலித்தீனை விலத்தினால் அவர்தான் மணக்கிறவர். இனி நான் எங்கை போய் இருக்கிறதெண்டு தெரியேல்லை."

"எடி விசரி, அதை ஏன் எனக்கு முன்னமே சொல்லேல்லை?" என்று கத்தினேன். கத்தி என்ன? சீற் நனைந்துவிட்டது.

"நீங்கள் சொன்னது சரிதானே. ஏழு வரியத்துக்குப் பிறகு பிள்ளை வாறான். ஊத்தைச் சீற்றிலை ஏன் இருப்பான்? அவனுக்கு வடிவாய் இருக்கவேணும்."

மூன்று நாள் அந்தச் சீற்றை வெயிலுக்கு வெயில் நகர்த்தினாள். பார்த்தீபன் இருந்து இருந்து பள்ளமான இடத்துக்குக் கீழே, மகனுக்கு இடுப்பு நோகாமல் புது ஸ்பொஞ்ச் வெட்டி வைத்தாள். அவள் செய்ததில் இதைவிடத் துப்புரவான வேலையை நான் கண்டதில்லை, கடையில் வாங்கின சீற் தோற்கும். பேப்பர்ச் சோதனைக்கு மட்டும் என்னைக் கூப்பிட்டாள்.

"எனக்கு உதிலை ஏறி இருக்க ஏலாது. நீங்கள் இருங்கோ அக்கா."

பார்த்தீபனின் சீற்றில், நடு வளவில், பேப்பரைப் போட்டுக்கொண்டு கால்மணித்தியாலம் நான் இருந்தேன். எழும்பினபோது பேப்பர் மொறுமொறுவென்றுதான் இருந்தது.

நிருஷன் வந்திறங்கின பகல் கையில் பாயாசச் செம்போடு நான் படலையடியில் நின்றேன். கிறகோரியின் வானிலிருந்து தாடியோடு ஒரு ஆம்பிளை இறங்கினான். தாயைக் கட்டிப்பிடித்து அழுதான். அழுது முடித்து வீட்டுக்குள் போகாமல் நேரே கொட்டிலுக்குப் போனான். சாரதிப் பக்கக் கதவைத் திறந்தான். ஏறி இருக்கவில்லை. சீற்றின் தலைப்பக்கத்தை இரண்டு கையாலும் அணைத்து முகத்தைப் புதைத்தான்.

கொஞ்ச நேரத்தில் நிமிர்ந்தான். முகம் மாறியிருந்தது.

"என்னம்மா, கழுவிப்போட்டியளே?"

"ஓம் ராசா. நீ வாறாயெண்டு…"

"ஆர் உங்களைக் கழுவச் சொன்னது? அப்பான்ரை முகத்தை நான் நேரிலை காணேல்லை. சாம்பலைக் காணேல்லை. உது ஒண்டு கிடக்கு, உதிலை ஒருக்கால் முகத்தை வைக்கவேணும் எண்டுதானேயம்மா நாலு வரியமாய் இருந்தனான்."

உதயா முந்தானையைத் திருகினாள். "பிழைதான் ராசா" என்றாள். அவ்வளவுதான். அவள் கண் என் பக்கம் திரும்பவே இல்லை. முன்வீட்டு அக்காதான் சொன்னவ என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் பாரம் பாதியாய்ப் போயிருக்கும். அவள் சொல்லவில்லை. நான் சொல்லியிருக்க வேண்டும், நானும் சொல்லவில்லை. ஊரெல்லாம் வாய்க்காரி என்று பெயரெடுத்தவள் பாயாசச் செம்போடு மரம்போல் நின்றேன்.

அதற்குப் பிறகு அவன் அந்த வானைத் தொடவில்லை. எங்கே போவதென்றாலும் கிறகோரியைக் கூப்பிட்டான். தாயோடு சண்டை இல்லை, கேட்டதற்குப் பதில் சொன்னான், சமைத்ததைச் சாப்பிட்டான். ஏழு வருடம் ரெலிபோனில் ஓயாமல் கதைத்த இரண்டு பேர் ஒரே வீட்டுக்குள் கதைக்க ஒன்றுமில்லாமல் இருந்தார்கள். உதயா இரவல் வீட்டுக்கு வந்தவள்போலச் சத்தம் போடாமல் நடந்தாள்.

திவசம் முடிந்த அன்று பின்னேரம் அவன் என் சாப்பாட்டுக் கரியரைத் திருப்பித் தர வந்தான். அவன் வந்து பன்னிரண்டாம் நாள் அது. அவனை மறித்து வைத்துச் சொன்னேன்.

"தம்பி, உன்ரை கொம்மாவைக் கழுவச் சொன்னது நான்."

"நீங்களே அன்ரி?"

"நான்தான். என்ரை இந்த வாய்தான். அவள் உனக்குச் சொல்லமாட்டாள். இன்னொண்டும் சொல்லமாட்டாள், அதையும் கேள். நாலு வரியமாய் ஒவ்வொரு பின்னேரமும் அவள் அந்த வானுக்குள்ளை போய்க் கொப்பருக்குப் பக்கத்திலை இருந்தவள். அவளுக்குக் கிடந்ததும் அது ஒண்டுதான். உனக்கு வடிவாய் இருக்கட்டுமெண்டு அதைக் கழுவி ஊத்தினவள்."

அவன் கரியரைப் பிடித்தபடி நின்றான். என்னை ஏசுவான் என்று எதிர்பார்த்தேன், ஏசினால் நல்லது என்றும் இருந்தது. "ஒவ்வொரு பின்னேரமுமோ?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனான்.

மறுநாள் காலையில் கொட்டிலிலிருந்து வான் வெளியே வந்தது. அவன் ஓட்ட, தாய் பக்கத்தில் இருந்தாள். உடுப்பிட்டிக்குத் தாயின் ஆட்களிடம் போனார்கள், வல்வெட்டித்துறைக் கடற்கரைக்குப் போனார்கள், அலுவலே இல்லாமல் சும்மாவும் ஓடித்திரிந்தார்கள். அந்த நாட்களில் அவள் ஒரு சீற்றுக்கும் கை வைக்கவில்லை, வந்தவர்களையெல்லாம் திருப்பி அனுப்பினாள்.

அவன் திரும்பிப் போகிற நாள் சனிக்கிழமையாக அமைந்தது. காலையில் உதயா அவன் தலைக்கு நல்லெண்ணெய் வைத்தாள். அவிந்த சீயாக்காயை ஆறவைத்து, வாளியில் தண்ணீர் அள்ளி வைத்துக்கொண்டு கிணற்றடியில் நின்றாள். பொடியன் கிணற்றடிக்கு வரவில்லை. எண்ணெய் ஊறின தலையோடு கொட்டிலுக்குப் போய், சாரதிச் சீற்றில் ஏறி, தலையைப் பின்னுக்குச் சாய்த்துக் கண்ணை மூடினான். கால்மணித்தியாலத்துக்கு மேலே அசையாமல் இருந்தான். நான் முற்றத்தில் விளக்குமாற்றோடு நின்று பார்த்தேன். உதயாவும் பார்த்தாள். அவள் அவனைக் கூப்பிடவில்லை. அவன் இறங்கி வந்ததும் தலையில் தண்ணீர் வார்த்துவிட்டாள். மத்தியானம் கிறகோரி அவனைக் கொழும்புக்கு ஏற்றிப் போனான்.

அடுத்த கிழமை கிறகோரி எஞ்சினை ஸ்ராட் பண்ண வந்தபோது நான் அங்கேதான் நின்றேன். பொலித்தீன் பழையபடி சீற்றின்மேல் கிடந்தது. அதற்கு உள்ளால் எட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா, தலைப்பக்கத்திலை எண்ணெய் பிடிச்சுப் போச்சு. கழட்டித் தரட்டே, கழுவிப்போட?" என்று உதயாவைக் கேட்டான்.

"நீர் வந்த அலுவலைப் பாத்துக்கொண்டு போம்" என்றேன். நான் போட்ட சத்தத்தில் அவன் சாவியைக் கீழே போட்டுவிட்டான்.

அவன் போனபிறகு உதயா பக்கத்துச் சீற்றில் ஏறி இருந்தாள். பொலித்தீனின் ஒரு மூலையை விலத்தி, அந்த இடத்தில் கையை வைத்தாள். சோளகம் முடிகிற நேரம், காற்று விட்டு விட்டு வீசியது. நான் கதவைப் பிடித்தபடி நின்றேன்.

"முழுகமுதல் வந்து இருந்தவன் அக்கா. தெரிஞ்சுதான் இருந்தவன்."

"தெரியும் பிள்ளை. கண்டனான்."

பிறகு கையை எடுக்காமலே கேட்டாள்.

"அவன் உயிரோடைதானே அக்கா இருக்கிறான். எனக்கு ஏன் பழையபடி இப்பிடிக் கிடக்கு?"

அந்த மணம் காற்றோடு போய்விடாமல் நான் வான் கதவை மெல்லச் சாத்தினேன்.